வீடு கொடுத்தாச்சு... தெரு?

மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு நரேலா வந்த பிறகு, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் எதிர்காலம் யார் பொறுப்பு?

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. தென்கிழக்கு டெல்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப்புக்குள் புல்டோசர்கள் இறங்கின. பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த இடம் அது. பெண்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் வீட்டு வேலை பார்த்தவர்கள். ஆண்கள் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கூலித் தொழிலாளர்கள்.

வாய்க்கால் ஆக்கிரமிப்பால் மழைக்காலத்தில் சுற்றுப்பகுதி மூழ்குகிறது என்பதே இடிப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டு மே 9 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் பொது நிலம், எனவே மறுவாழ்வு பெறும் உரிமைக்கு மேல் குடியிருப்போர் வேறெதையும் கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சுமார் 370 குடிசைகளில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என முதலில் 189 மட்டுமே கணக்கில் வந்தன. பிறகு அது 215 ஆனது. மற்றவர்களுக்கு வீடு இல்லை. தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டதோ, ஹரியானா எல்லையை ஒட்டிய நரேலாவின் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

வேலை போனது, பள்ளிக்கூடம் தூரமானது, தமிழ் படிக்க வழியில்லை என்பதெல்லாம் அப்போதே பேசப்பட்டன. தொலைக்காட்சிகள் காட்டின. தமிழக அரசும் தலையிட்டது. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாக அறிவித்தது. பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள்தான் அவர்கள். இந்திய மக்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எந்தக் குடிசைப் பகுதியும் இதற்கு விலக்கல்ல.

இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, இடம்பெயர்வு என்பது பெட்டி படுக்கையோடு முடிகிற சங்கதி அல்ல. பெரியவர்களாகி, கூடியவரை தன் காலில் நிற்பதற்காக அவர்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தத் தெருவிலேயே இருந்தது. அதை லாரியில் ஏற்ற முடியாது.

ஒரு பால் பாக்கெட்டின் கணக்கு

சிறப்புப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், "கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரக் கற்றுக்கொடுங்கள்" என்று சொன்னால், அவர் அதை ஒரே வேலையாகப் பார்ப்பதில்லை. முதலில் துண்டு துண்டாகப் பிரிப்பார். செருப்புப் போட வேண்டும். பையையும் ஐம்பது ரூபாய் நோட்டையும் எடுக்க வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். தெருமுனையில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடையில் முன்னால் நிற்பவர் வாங்கி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். எத்தனை பாக்கெட் என்று சொல்ல வேண்டும். பேச்சு வராத பிள்ளையானால் பழைய கவரையோ படத்தையோ காட்ட வேண்டும். நோட்டைக் கொடுக்க வேண்டும். மீதியை வாங்கும்வரை நகரக் கூடாது. வாங்கிய காசைச் சட்டைப்பையில் போட வேண்டும். வந்த வழியே திரும்ப வேண்டும்.

இத்தனை படிகளில் எது தானாக வருகிறது, எதற்கு வாயால் சொல்ல வேண்டும், எதற்குக் கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். பல ஆசிரியர்கள் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பார்கள். கடையில் மற்றதையெல்லாம் அம்மா செய்துவிட்டு, மீதிக் காசை வாங்குவதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். அது படிந்ததும் காசு கொடுப்பது. பிறகு கேட்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வரும்போது, ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்கிறது. கைகூடச் சில மாதங்கள் ஆகலாம். சில பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடங்கள்.

இதில் பள்ளிக்கூடம் செய்வது பாதி. மீதியைச் செய்வது கடைக்காரர். பையன் வந்து நின்றதும் "என்ன தம்பி, ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை அடுத்தவரைக் கவனிக்காமல் அரை நிமிடம் காத்திருக்கிற கடைக்காரர். அவன் மீதியை மறந்து நடந்தால் கூப்பிட்டுக் கொடுக்கிறவர். அவன் வழிமாறி மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பினால், "டேய், வீடு இந்தப் பக்கம்டா" என்று திண்ணையிலிருந்தே குரல் கொடுக்கிற பாட்டி. நெருக்கமான குடியிருப்புகளில் இந்த ஏற்பாடு யாரும் திட்டமிடாமலே அமைந்துவிடும். கதவைத் திறந்தால் அடுத்த வீடு என்ற நெருக்கடிதான் அங்கே பாதுகாப்பு.

சிறப்புக் கல்வியில் அடிக்கடி பேசப்படும் சிக்கல் ஒன்று உண்டு. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பலருக்குக் கடினம். வகுப்பறையில் பிளாஸ்டிக் காசை வைத்து அருமையாகக் கணக்குச் சொல்கிற பிள்ளை கடைவாசலில் திகைத்து நிற்பதும், பழகிய கடையில் நன்றாக வாங்குகிறவன் புதுக்கடைக்குள் நுழையவே மறுப்பதும் இதனால்தான். ஆகவே, ஜங்புராவில் கடைக்குப் போய்வந்த பிள்ளை நரேலாவிலும் போய்வருவான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். புதுக் கடைக்காரருக்கு அவனைத் தெரியாது. மாடிப்படி உண்டு. எல்லாக் கதவும் ஒரே நிறத்தில், எல்லாக் கட்டடமும் ஒரே அச்சில் இருக்கும். எது நம் வீடு என்று கண்டுபிடிப்பதே அங்கே தனிப் பாடம்.

பதினெட்டுத் துறை, இருபது திறன்

மனவளர்ச்சி குன்றிய ஒருவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று இந்தியச் சூழலுக்கேற்ப முதன்முதலில் வகுத்துக்கொடுத்தவர்களில் சென்னைக்காரர்களுக்கு முக்கிய இடம் உண்டு. விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பைச் சேர்ந்த பேராசிரியர் பி.ஜெயச்சந்திரனும் வி.விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' பல பத்தாண்டுகளாக நாடு முழுவதும் சிறப்புப் பள்ளிகளில் புழங்குகிறது. 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், ஆக மொத்தம் 360.

அந்த 18 துறைகளில் வாசிப்பு, எழுத்து, எண் என்று நாம் 'படிப்பு' என்கிறவை மூன்றுதான். மற்றவற்றில் என்னென்ன உண்டு? சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வது, சொன்னதைப் புரிந்துகொள்வது, வேண்டியதைச் சொல்வது, பிறரோடு பழகுவது, நேரம் அறிவது, பணம் கையாள்வது, வீட்டு வேலை, ஊர் அறிந்து நடமாடுவது, பொழுதுபோக்கு, தொழில். ஒரு மனிதர் வயது வந்தவராக வாழத் தேவையானவை அத்தனையும் அதில் உண்டு.

ஆனால், நம் குடும்பங்கள் பள்ளியிடம் கேட்பது என்ன? "ஏ, பி, சி, டி எழுதுறானா?" பள்ளிகளும் பெற்றோரைத் திருப்திப்படுத்த நோட்டுப்புத்தகத்தை நிரப்பி அனுப்புகின்றன. பத்து வருடம் எழுத்தைப் பார்த்து எழுதிய பிள்ளை, பதினெட்டு வயதில் தன் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் வெளியே வருகிறான். வந்தபின் வீடுதான். தொலைக்காட்சி, கட்டில், அம்மா. கற்றிருந்த கொஞ்சமும் தேய ஆரம்பிக்கும். மற்ற பிள்ளைகளுக்கு வாழ்க்கை தொடங்குகிற வயதில் இவர்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது.

சட்டமும் இந்த வயதோடு கையை உதறுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. 19-வது பிரிவு தொழிற்பயிற்சி பற்றிப் பேசுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளையைக் கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு என்பதுதான் நடைமுறையில் தெளிவாக இல்லை. அமெரிக்காவில் சிறப்புத் தேவை உள்ள மாணவருக்கு 16 வயதுக்குள் அவருடைய தனிக்கல்வித் திட்டத்தில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான இலக்குகளைச் சேர்த்தாக வேண்டும். அது கூட்டாட்சிச் சட்டம். இங்கிலாந்தில் 13, 14 வயதிலேயே இந்தப் பேச்சு தொடங்குகிறது. கல்வியும் நலமும் சேர்ந்த திட்டம் தேவைப்பட்டால் 25 வயது வரை நீளும். நம் ஊரில் அந்த ஆவணத்தின் வேலையைச் செய்வது அம்மாவின் கவலை மட்டுமே.

பதினான்கு வயதில் பேச வேண்டியவை எளிமையானவை. இவனுக்கு என்ன பிடிக்கும்? எவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்து வேலை செய்வான்? கூட்டத்தில் இருக்க முடியுமா, தனியே இருக்க முடியுமா? பேருந்தில் போக என்ன உதவி வேண்டும்? பணத்தில் எந்த நோட்டு வரை தெரியும்? யாராவது தப்பாகத் தொட்டால் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியுமா, வீட்டில் வந்து சொல்லத் தெரியுமா? பெண் பிள்ளையானால் மாதவிடாய் நாள்களைத் தானே சமாளிக்கப் பழகியிருக்கிறாளா? கடைசி இரண்டையும் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுகிற வீடுகள்தான் அதிகம். விளைவையும் அந்தப் பிள்ளைகளே சுமக்கிறார்கள்.

40 கிலோமீட்டரின் விலை

இப்போது நரேலாவுக்கு வருவோம்.

சிறப்புத் தேவை உள்ளவர்களுக்காக டெல்லியில் பேர்பெற்ற நிறுவனங்கள் பலவும் நகரின் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' ஜசோலாவில். முன்பு வட இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியாக இருந்த 'ஆதி' ஹவுஸ் காஸில். 'முஸ்கான்' வசந்த் குஞ்சில். 'அமர்ஜோதி' கர்கர்தூமாவில். வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு மையமும் கர்கர்தூமாவில்தான். ஜங்புராவில் இருந்தவர்களுக்கு இவற்றில் சில எட்டும் தூரம். நிஜாமுதீன் ரயில் நிலையம் பக்கத்தில், மெட்ரோ பக்கத்தில், சப்தர்ஜங், எய்ம்ஸ் மருத்துவமனைகள் பேருந்து தூரத்தில்.

நரேலாவிலிருந்து கிளம்பினால்? பேருந்து பிடித்துச் சமய்ப்பூர் பாத்லி. அங்கிருந்து மெட்ரோவில் மஞ்சள் தடம். காஷ்மீரி கேட்டில் இறங்கி ஊதாத் தடத்துக்கு மாறினால் ஜங்புரா. திடீர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிற ஆட்டிசப் பிள்ளையோடு காஷ்மீரி கேட் நிலையத்தில் தடம் மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பயணத்தின் அர்த்தம். மூன்று தடங்கள் சந்திக்கிற நிலையம் அது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையானால் பேருந்தில் ஏற்றுவதே பாடு.

பணக் கணக்கும் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குக் காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய் வரலாம். நரேலாவில் குடியேறிய பிறகும் அதே வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் விடியலில் கிளம்பினால் இரவுதான் திரும்புவார். வேலையை விட்டால் வருமானம் போச்சு; வேலைக்குப் போனால் பிள்ளையோடு இருக்கும் நேரம் போச்சு. இரண்டிலும் தோற்பது பிள்ளையின் பயிற்சிதான். கதவைப் பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வழியில்லாத வீடுகளில், கற்ற திறன்கள் மழுங்க அதிக காலம் பிடிக்காது.

மொழியும் ஒரு வேலி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். மற்ற பிள்ளைகள் ஆறு மாதத்தில் மூன்றையும் பிடித்துக்கொள்வார்கள். பேச்சே தாமதமாக வந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியும் புதிய மலை. உளவியல் சோதனையை இந்தியில் நடத்தினால், தமிழில் புரிந்துகொள்கிற பிள்ளை தன் தகுதிக்குக் கீழே மதிப்பிடப்படுவான். மதராசி கேம்ப்பில் தமிழ் பேசும் அண்டை அயலார் இருந்தார்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று லோதி எஸ்டேட்டில், எட்டிவிடும் தொலைவில் இருந்தது. அந்த ஏழில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளிகளில் சேர்க்க உதவ வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது நல்ல விஷயம். அந்தப் பள்ளியில் சிறப்பாசிரியர் இருக்கிறாரா, அவருக்குப் பிள்ளையின் பழைய பதிவேடு போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி.

வேலை என்பது சம்பளம் மட்டுமா?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வேலை பார்ப்பார்களா என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் லெமன் ட்ரீ ஹோட்டல்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் உணவுக்கூடத்தில் பணியாற்றுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளால் நடத்தப்படும் மிட்டி கஃபே, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே கடை திறந்தது; அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தொடங்கிவைத்தார். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி, வேலை என்று கிராமத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் கோத்துக் காட்டியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் சக்கர நாற்காலியிலிருந்து அதை வளர்த்தெடுத்தவர் அவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆய்க்குடி தருகிற பாடம் மதராசி கேம்ப்புக்கு நேரடியாகப் பொருந்தும். சேவையைப் பெருநகரத்தில் வைத்துக்கொண்டு ஆள்களை அங்கே வரச்சொல்வதைவிட, ஆள்கள் இருக்கும் இடத்துக்குச் சேவையைக் கொண்டுபோவது பலன் தருகிறது. தினமும் வர முடியாத தூரத்தில் உள்ள பயிற்சி மையம், இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று 2016 சட்டம் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தேர்வெழுதக்கூடியவர்களுக்கு அது நிச்சயம் வாய்ப்பு. பெரும்பாலானோருக்கு வாய்ப்பு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: டீக்கடையில் கிளாஸ் கழுவி அடுக்குவது, மளிகைக் கடையில் பருப்பைப் பொட்டலம் கட்டுவது, இஸ்திரிக் கடையில் துணி மடிப்பது, அக்காவின் இட்லிக் கடையில் இலை போடுவது. சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆனால், காலையில் எழுந்து கிளம்ப ஒரு காரணம் இருக்கிறது, "நம்ம கடைப் பையன்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரி வேலைகள் விளம்பரத்தில் வருவதில்லை, பழக்கத்தில்தான் கிடைக்கும். பழக்கம் தெருவில்தான் பிறக்கும். மதராசி கேம்ப் போன்ற இடங்கள் சிதறும்போது சிதறுவது இந்த வேலைவாய்ப்பு அலுவலகமும்தான்.

"எங்களுக்குப் பிறகு யார்?"

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் எங்கே கூடினாலும் பேச்சு இந்த இடத்தில் வந்து நிற்கும். "நாங்க இருக்கற வரைக்கும் பாத்துக்குவோம். அப்புறம்?" அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வார்கள் என்பது வழக்கமான பதில். ஒரே அறையில் மூன்று தலைமுறை இருந்த குடிசையில் அது நடந்தது. வீடு கிடைத்த குடும்பம் நரேலாவிலும் வீடு கிடைக்காத அண்ணன் குடும்பம் வேறெங்கோ வாடகையிலும் என்று பிரிந்தபின் அந்தப் பதிலுக்கு உத்தரவாதம் இல்லை.

சட்டம் இதற்குச் சில வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு அதைச் செய்கிறது. பதினெட்டு முடிந்த பிள்ளைக்கும் தாங்களே இயல்பாகப் பாதுகாவலர் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில் ஒரு கையெழுத்து தேவைப்படும்போதுதான் அப்படி இல்லை என்று தெரியவருகிறது.

2016 சட்டம் இன்னும் ஒரு படி முன்னே போகிறது. 14-வது பிரிவு சொல்லும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்' என்பது, எல்லா முடிவையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிடும் ஏற்பாடு அல்ல. குறிப்பிட்ட விஷயத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு கலந்துபேசி எடுக்கும் முடிவு. 5-வது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தும் நிலை வராமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 37-வது பிரிவு, அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. இவற்றையெல்லாம் மதராசி கேம்ப் போன்ற மறுகுடியமர்வுகளோடு சேர்த்து வாசிக்க வேண்டிய நேரம் இது. தகுதிப் பட்டியலில் 2015-க்கு முந்தைய ஆவணம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, அவர் எந்தப் பள்ளிக்கோ பயிற்சிக்கோ போகிறார், யார் துணை என்று கேட்கும் ஒரு கட்டமும் அதே படிவத்தில் வேண்டும். தரைத்தளம் யாருக்கு என்பதை அந்தக் கட்டம் முடிவு செய்ய வேண்டும்.

சுயமாக வாழ்வது என்றால் தனியாக வாழ்வது என்று பொருளல்ல. நாமெல்லாம் தனியாகவா வாழ்கிறோம்? வங்கிக்குத் தெரிந்தவரைக் கேட்கிறோம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் தேடுகிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதான். தனக்கு என்ன சட்டை, என்ன சாப்பாடு, யாரோடு பழகுவது, எப்போது தூங்குவது என்பதில் தன் வாக்கும் இருக்க வேண்டும். முடியாத இடத்தில் கைகொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

பெற்றோர் கையில் இருப்பவை

இடம் மாறிய குடும்பங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது காகிதங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். 2024 திருத்தத்தின்படி இந்த அட்டை குறைபாட்டின் அளவுக்கேற்ப வெள்ளை, மஞ்சள், நீலம் என மூன்று நிறங்களில் வருகிறது. ஆதாரிலும் இந்த அட்டையிலும் முகவரியை மாற்றுங்கள். பழைய ஜங்புரா முகவரியோடு இருந்தால் உதவித்தொகையில் சிக்கல் வரலாம்.

டெல்லி அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மாத உதவித்தொகை தருகிறது. தமிழகத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் இங்குள்ள பராமரிப்பு உதவித்தொகையான மாதம் 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 'நிராமயா' மருத்துவக் காப்பீடு, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் நான்கு வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும்.

பத்தாம் வகுப்பு வழக்கமான பள்ளியில் முடியவில்லை என்றால் படிப்பை விட வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம், தொழிற்பாடங்களும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. புது இடத்தில் ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பொருளை வாங்கப் பழக்குங்கள். வீட்டுக் கதவில் பிள்ளைக்குப் பிடித்த படத்தையோ நிறத்தையோ ஒட்டுங்கள். பெயர், அப்பா அம்மா கைபேசி எண் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். வீட்டில் ஒரு வேலையை முழுக்க அவன் பொறுப்பில் விடுங்கள்; குடத்தில் தண்ணீர் பிடிப்பதாக இருக்கலாம், துணி மடிப்பதாக இருக்கலாம். தாமதமாகச் செய்தாலும் பிடுங்கிச் செய்யாதீர்கள். பாசத்தால் நாம் செய்துகொடுக்கும் ஒவ்வொரு வேலையும் பிள்ளை கற்கவேண்டிய ஒரு திறனைத் தள்ளிப்போடுகிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

டெல்லி அரசு நரேலா குடியிருப்புக்குள்ளேயே ஒரு பயிற்சி மையத்தைத் திறக்க வேண்டும். சிறப்பாசிரியர் ஒருவர், இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர், பகலில் பிள்ளைகள் இருக்க ஒரு கூடம். ஒதுக்கப்படாமல் காலியாகக் கிடக்கும் குடியிருப்புகள் நரேலாவில் ஏராளம் என்பது ஊரறிந்த செய்தி. அவற்றில் தரைத்தளத்தில் இரண்டைத் திறந்தால் போதும். வேலைக்குப் போகும் அம்மாக்கள் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிராது.

நூற்றாண்டு கண்ட டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமும், ராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் நினைத்தால், வாரம் ஒருநாள் நரேலாவுக்குத் தமிழ் பேசும் ஒரு சிறப்பாசிரியரை அனுப்புவது பெரிய காரியம் அல்ல. தமிழக அரசு ஊர் திரும்பியவர்களின் பட்டியலில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தனியே குறித்து, அந்தந்த ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் பதிவுசெய்ய வேண்டும். பள்ளிகள் 14 வயது நிறைந்த ஒவ்வொரு சிறப்புத் தேவை மாணவருக்கும் ஒரு பக்கத் திட்டமாவது எழுதி, பெற்றோரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். ஊர் மாறினாலும் அந்தத் தாள் கூடவே போகும்.

நகரங்கள் இனியும் குடிசைகளை அகற்றும், வாய்க்கால்கள் தூர்வாரப்படும், அதைத் தடுக்க முடியாமல்கூடப் போகலாம். ஆனால், நான்கு சுவரைக் கொடுத்துவிட்டு மறுவாழ்வு கொடுத்ததாக எழுதிக்கொள்வது கணக்கு மோசடி. தன் தெருவில் தானே நடந்து, தன் கடையில் தானே வாங்கி, தன் வேலைக்குத் தானே போகிற நிலைக்கு ஒரு பிள்ளை திரும்பி வரும்வரை அந்தக் குடும்பத்தின் மறுவாழ்வு முடியவில்லை. அதுவரை அரசின் கோப்பும் மூடப்படக் கூடாது.